மூன்று பல் போன கியர்: சலீமுக்கு, எல்லோர் முன்னிலையிலும்

சலீம்,

இதை உன் போனுக்குத் தனியாக அனுப்பவில்லை. பழைய மெஷின் வைத்திருக்கிறவர்கள் கூடியிருக்கும் நம் குரூப்பில்தான் போடுகிறேன், ஏழு மாதத்துக்கு முன்னால் அந்த வீடியோவைப் போட்ட அதே இடத்தில். தனியாக அனுப்பினால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "விடுங்கத்தா, போனது போகட்டும், சாப்டீங்களா" என்பாய். நானும் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, அதோடு விட்டுவிடுவேன். உன்னைப் பேசியது ஊர் பார்க்க. அதைத் திரும்ப வாங்குவதை மட்டும் அறைக்குள் வைத்துச் செய்தால் அது திரும்ப வாங்கியதாகாது. அதனால் மற்றவர்கள் படிக்கும்போதே நீயும் படித்துக்கொள்.

குரூப்பில் புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, நீ பொறுத்துக்கொள். ஸ்ரீவில்லிபுத்தூரில், ராஜபாளையம் போகிற ரோட்டில் அத்தாவும் மகனுமாக நாம் நடத்திய பட்டறை இருக்கிறது. வீடு மடவார் வளாகம் பக்கம். நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். வயது நாற்பத்து மூன்று. இரும்பைச் செதுக்குகிற மில்லிங் மெஷினை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நீ பாலிடெக்னிக்கில் படித்துக் கற்றாய். ராஜபாளையத்தில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து அந்த மெஷின் லோடு வண்டியில் வந்த அன்றைக்கு, நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து வீடியோ எடுத்ததையும், வண்டிக்காரர் "ஏங்க, மொதல்ல எறக்கிக்கிடுங்க, பொறவு படம் புடிக்கலாம்" என்று சலித்துக்கொண்டதையும் நீ இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாய். பெயர்த் தகடு தேய்ந்து, எந்த ஊர் மெஷின் என்றே தெரியாது. எனக்கோ தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் இட்லித் தட்டுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்து, வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர் துருப்பிடித்த மெஷினைப் பிரித்து மாட்டுகிற வீடியோக்களைப் பார்ப்போம். அவர் பேசுவது எனக்குப் பாதி புரியாது. நீ சட்னி தொட்ட விரலால் திரையைக் காட்டி, "கையப் பாருங்கத்தா, கை சொல்லிரும்" என்பாய். உங்கம்மா, "ரெண்டு பேரும் அந்தத் தாத்தா வீட்டுலயே போய்ச் சாப்புட்டுக்கிடுங்க" என்பாள். எனக்கு அந்தக் காலைகளைவிடப் பிடித்த நேரம் வேறு இருந்ததில்லை.

மெஷின் வந்த ஆறாம் மாதம் பின் உடைய ஆரம்பித்தது. வெட்ட வேண்டிய இரும்பைப் பூட்டுகிற மேஜையைத் தானாக நகர்த்தும் ஃபீட் கியர் பாக்ஸுக்குள் ஒரு சின்னப் பித்தளைப் பின் இருக்கும். சுண்டுவிரல் கனம்கூட இருக்காது. கட்டர் எங்கேயாவது சிக்கினால், மேஜை எதிலாவது முட்டினால், அந்தப் பின்தான் முதலில் உடைய வேண்டும். அது உடைந்தால் மேஜை நின்றுவிடும், கியர் தப்பிக்கும். அதற்காகவே அதை மென்மையான உலோகத்தில் போட்டிருக்கிறார்கள். இது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு, ஒரே மாதத்தில் மூன்று பின் உடைந்தபோது, மட்டமான பின் என்றுதான் நினைத்தேன். நீ மட்டும் மேஜையைக் கைப்பிடியால் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாய்.

"அத்தா, பின்னு மேல தப்பில்ல. டேபிள் இறுக்கமா ஓடுது. எண்ணெய் எறங்கவே இல்ல போல."

"போன வாரந்தானலே பம்பு வச்சு ஏத்துனேன்?"

"எதை ஏத்துனீங்க?"

"கிரீஸ்தான். மில்லுல எல்லா மெஷினுக்கும் அதத்தான ஏத்துவோம்."

நீ குனிந்து மேஜைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாய். பிறகு, "இது எண்ணெய் போற வழித்தா. கிரீஸ் உள்ள போயி அடைச்சிருக்கும். ஒரு நா நிறுத்திப் பிரிச்சுருவோம்" என்றாய். சரியாகச் சொன்னாய். உள்ளே எண்ணெய் போகிற குழாய்கள் ஈர்க்குச்சி கனம்தான். அதில் நான் கிரீஸை ஏற்றி அடைத்துவிட்டேன். காய்ந்த பரப்பில் மேஜை உரசி நகர, பாரம் தாங்காமல் பின் உடைந்துகொண்டே இருந்தது. பின் தன் வேலையைத்தான் செய்தது. நான்தான் அதைக் குற்றம் சொன்னேன்.

நீ சொன்னதை நான் ஏன் கேட்கவில்லை என்றால், அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. உனக்குச் சொன்னதில்லை. மில்லில் நான் சேர்ந்த புதிதில், ஒரு நூற்பு மெஷினில் நான் மாட்டிய கியர் இரண்டு நாளில் கழன்று விழுந்தது. மேஸ்திரி என்னை ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களுமாக நிற்கும்போது கூப்பிட்டு நிறுத்தினார். "இவன் மாட்டுனத மாட்டுக்குத்தாம்லே காட்டணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் கை வைத்த எதுவும் மறுபடி கழலவே கூடாது என்று ஒரு வெறி. ஒரு போல்ட் போதும் என்றால் இரண்டு போடுவேன். "நான் போட்டா போட்டதுதான்" என்று சொல்லிக்கொண்டு திரிவேன். மில்லில் அது நல்ல பெயர் வாங்கித் தந்தது. உடைவதற்கென்றே ஒரு பாகத்தை ஒருவன் யோசித்துச் செய்து வைத்திருப்பான் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

நீ ராஜபாளையத்துக்குக் கட்டர் வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம், லாரி பார்ட்ஸ் கடையில் ஒரு ஆலன் போல்ட் வாங்கி வந்து, அதைப் பின் அளவுக்குக் கடைந்து உள்ளே தட்டிவிட்டேன். அந்த போல்ட் லாரி என்ஜினையே தாங்குவது. நீ திரும்பி வந்ததும், "இனிமே உடையாது பாரு" என்றேன். "என்ன போட்டீங்க?" என்று கேட்டாய். "நல்லதாப் போட்டுருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். உன்னிடமிருந்து ஒரு விஷயத்தை மறைக்கிறேன் என்று அப்போதே எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் ஆலன் போல்ட் என்று சொல்லியிருப்பேனே.

இரண்டு மாதம் மெஷின் ஓடியது. மேஜை நகரும்போது ஒரு முனகல் இருந்தது. நீ இரண்டு தடவை சொன்னாய், நான் இரண்டு தடவையும் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

அந்த நாளை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி வைத்திருக்கும் சுப்பையா அண்ணாச்சி, தறித் தண்டு ஒன்றில் சக்கரத்தைப் பூட்டும் சாவிப் பள்ளம் வெட்டக் கொண்டுவந்து, ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். நீ மெஷினில் நின்றாய். பள்ளம் பாதி வந்திருக்கும். உள்ளேயிருந்து மூன்று தடவை சத்தம் வந்தது, பாறையைக் கல்லால் அடிக்கிற மாதிரி. பிறகு மேஜை நின்றுவிட்டது, மோட்டார் மட்டும் சுற்றியது. நீ சட்டென்று ஸ்விட்சை அணைத்தாய். மூடியைக் கழற்றினால் கியரில் அடுத்தடுத்து மூன்று பல் இல்லை. எண்ணெய்க்குள் கிடந்தன.

நான் என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. "படிச்ச படிப்பு இதுக்குத்தானாலே? எம்புட்டு வேகம் வச்ச? கண்ண எங்க வச்சிருந்த?" என்றேன். நீ வைத்திருந்தது சரியான வேகம்தான், லீவர் அங்கேயே நின்றது, யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். சுப்பையா அண்ணாச்சிதான் எழுந்து வந்தார். "விடுங்க பாய். இரும்புன்னா உடையத்தான் செய்யும். தறி நாளைக்கு ஓடுனா நாளைக்கு ஓடுது. புள்ளைய ஏன் வையிறீக?" என்றார். அவர் பார்க்கிறார் என்பதே எனக்கு இன்னும் கோபத்தை ஏற்றிவிட்டது. போனை எடுத்து, பல் போன கியரைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்தேன். ஓரத்தில் நீ எண்ணெய்க் கையோடு நிற்பதும் அதில் விழுந்தது. மேலே எழுதியது இதுதான்: "உடைத்தது என் மகன்." கூடவே நாலு சிரிப்புப் பொம்மை.

இந்தக் குரூப்பில் உடைந்த சாமான் போட்டால் கிண்டல் செய்வது வழக்கம், அதில் தப்பில்லை. நானும் செய்திருக்கிறேன். ஆனால் உடைத்தவனே போடுவதுதான் வழக்கம். நான் உன்னைப் போட்டேன். அது வரைக்கும் நான் போட்ட எதற்கும் அத்தனை பேர் வந்ததில்லை. "பையனுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்க, சரியாயிரும்." "அடுத்து லேத்தையும் கொடுங்க." நான் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். நீ பக்கத்து அறையில் படுத்திருந்தாய்.

மறுநாள் நீ வருவதற்கு முன்னால் கியரைத் தனியே கழற்றினேன். பின்னாக நான் தட்டிவிட்ட போல்ட் முழுசாக இருந்தது. வளையவில்லை. மேலே ஒரு கீறல் மட்டும். எல்லாம் அப்போதே புரிந்துவிட்டது. பாரம் வந்தபோது உடைய வேண்டியது உடையாததால், அதற்கு அடுத்து எது பலவீனமோ அது போனது. நீ அந்த இடத்தில் இல்லாமல் நானே நின்றிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். அந்தப் பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ வந்து, "என்னத்தா தெரிஞ்சுது?" என்று கேட்டாய். "பழைய கியர்தான, தேஞ்சிருக்கும்" என்றேன்.

அன்றைக்கே வீடியோவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். கிண்டல் இல்லாமல் கேட்டிருந்தது அவர் ஒருவர்தான். "ஷியர் பின் உடையவில்லையா? அதில் என்ன போட்டிருந்தீர்கள்?" அந்தக் கேள்வியை நான் அழித்தேன். அவர் இன்னும் குரூப்பில் இருந்தால், ஐயா, நீங்கள் கேட்டதற்குப் பதில் மேலே இருக்கிறது. ஆலன் போல்ட்.

பத்து நாளில் நீ கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிறேன் என்றாய். பஸ் ஸ்டாண்டில் பையை மேலே வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் குனிந்து, "எண்ணெய் லைன மட்டும் பிரிச்சுப் பாருங்கத்தா" என்றாய். "ம்" என்றேன். உன்னை வழியனுப்ப வந்தவன் சொன்னது அந்த ஒரு எழுத்து.

அதன் பிறகு நீ போன் பண்ணும்போதெல்லாம் உங்கம்மாவிடம், "மில்லிங்ல போட்டுருக்காங்கம்மா, புது மெஷினு, கம்ப்யூட்டர்ல ஓடுது" என்று சொல்வாய். அவள் தெருவெல்லாம் சொல்லுவாள். போன மாதம் அந்தப் பழைய வீடியோவுக்குக் கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்தார். "இந்தத் தம்பி இப்போ எங்க யூனிட்லதான் இருக்காப்ல. கியர் தம்பின்னுதான் பேரு. சூப்பர்வைசர் வீடியோவப் பாத்துட்டாரு, மில்லிங் பக்கமே விடறதில்லீங்க. பிசிறு எடுக்கற டேபிள்ல உக்காந்து அரம் போடறாப்ல." கீழே சிரிப்புப் பொம்மை. நான் போட்ட அதே பொம்மை.

ஏழு மாதமாக நீ அரம் போட்டுக்கொண்டிருக்கிறாய். உன் கை எனக்குத் தெரியும் சலீம். கட்டரை நெருங்கவிடும்போது மூச்சை நிறுத்திக்கொள்வாய். அந்தக் கை நான் எழுதிய மூன்று வார்த்தையால் அரம் போடுகிறது. இதை உங்கம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பின்னைப் பற்றியும், ஆலன் போல்ட்டைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்க சட்டையத் தொவைக்கப் போடும்போது பையில இருந்து விழுந்துச்சு. அவன் அங்கனதான் நின்னான். எடுத்துப் பாத்தான். என்னலே இதுன்னு கேட்டேன். அது அத்தாவோட பின்னும்மா, அவிய பையிலயே வச்சிருங்க, தேடுவாகன்னு சொன்னான்."

"எங்கிட்ட நீ சொல்லலியே?"

"நீங்களாச் சொல்லுவீகன்னு ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

அதாவது, பஸ் ஜன்னலில் குனிந்து எண்ணெய் லைனைப் பற்றி நீ பேசியபோது உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குரூப்பே என் பக்கம் திரும்பியிருக்கும். நீ சொல்லவில்லை. இதைப் பெருந்தன்மை என்று பாராட்டிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. உனக்கு ஒன்று சொல்கிறேன், இது அத்தா சொல்வது: இனிமேல் அப்படிச் செய்யாதே. என்னிடமும் வேண்டாம், வேலை செய்கிற இடத்திலும் வேண்டாம். உன் மேல் தப்பில்லாத இடத்தில் "என் மேல் தப்பில்லை" என்று அன்றைக்கே சொல்லிவிடு. சத்தம் போட வேண்டாம், நீ மேஜையைப் பற்றிச் சொன்ன மாதிரி சாதாரணமாகச் சொல்லு. கேட்கிறவன் கேட்கட்டும்.

அந்த வாரமே மெஷினைப் பிரித்தேன். மேஜையைக் கழற்றி எண்ணெய்க் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி விட்டுத் தள்ளினால், நான் ஏற்றிய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகி, சேமியா போல நீளநீளமாக வெளியே வந்தது. நீ சொன்ன ஒரு நாள் போதவில்லை, மூன்று நாள் ஆயிற்று. கியரை இதற்கு முன்னால் வெல்டு வைத்து நிரப்பி அரத்தால் பல் போட்டுத்தான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன், அது கரகரவென்று அரைத்தது. இந்தத் தடவை புதுசாகவே வெட்டினேன். ஃபீட் இல்லாததால் கையாலேயே மேஜையைச் சுற்றி, அந்த மெஷினுக்கான கியரை அந்த மெஷினிலேயே. முப்பத்திரண்டு பல். ஒவ்வொரு பல்லுக்கும், கியரைத் திருப்புகிற கைப்பிடியை ஒரு முழுச் சுற்றும், அதற்குப் பின்னால் இருக்கும் ஓட்டைத் தகட்டில் நாலு ஓட்டையும் தள்ள வேண்டும். முதல் கியரில், முப்பத்திரண்டாவது பல்லையும் வெட்டி முடித்த பிறகு பார்த்தால், இன்னும் ஒன்றரைப் பல்லுக்கு மேல் இடம் மிச்சம் இருக்கிறது. உட்கார்ந்து யோசித்தபோதுதான் உன் குரல் வந்தது. "நிக்கிற ஓட்டைய எண்ணக்கூடாதுத்தா. அடுத்ததுல இருந்துதான் ஒண்ணு." போன வருஷம் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் நாலு என்று எண்ணித் தள்ளியது மூன்று. அந்தக் கியரை எறியவில்லை, பட்டறை ஜன்னலில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டியிருக்கிறேன். சுப்பையா அண்ணாச்சி பார்த்துவிட்டு, "இது யாரு பாய் செஞ்சது, பல்லு இடைவெளி பல்டாக்டரப் பாக்கணும் போலயே" என்றார். "நான்தான் அண்ணாச்சி" என்றேன். சொல்வதற்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. இத்தனை வருஷம் அது கஷ்டம் என்றே நினைத்திருந்தேன்.

இரண்டாவது கியர் சரியாக வந்தது. மாட்டி, உள்ளே புதுப் பித்தளைப் பின் போட்டு, மூடினேன். மேஜை இப்போது ஒரு விரலால் தள்ளினால் நகர்கிறது, முனகல் இல்லை. நேற்று வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுதுவிட்டு வந்து, உங்கம்மாவைப் பட்டறைக்குக் கூட்டிப்போய் போனைக் கையில் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னேன். மேஜையை இறுக்கிப் பூட்டிவிட்டு, வேண்டுமென்றே ஃபீடைப் போட்டேன். டக் என்று ஒரு சின்னச் சத்தம். ஃபீட் நின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் பின் இரண்டு துண்டு. கியரில் ஒரு பல்லுக்கும் சேதம் இல்லை. உங்கம்மா, "உடைஞ்சதுக்கா இம்புட்டுச் சிரிக்கிறீக?" என்று கேட்டது வீடியோவில் அப்படியே இருக்கிறது. வெட்டவில்லை.

கோயம்புத்தூர் சூப்பர்வைசர் ஐயாவுக்கு: நீங்கள் பார்த்த வீடியோ உண்மைதான், அதன் மேலிருந்த எழுத்துத்தான் பொய். எண்ணெய் வழி அடைத்திருக்கிறது என்று மேஜையைக் கையால் சுற்றியே கண்டுபிடித்தவன் அந்தப் பையன். கேட்காதவன் நான். அவனை ஒரு நாள் மெஷினில் நிறுத்திப் பாருங்கள். நிறுத்துவது உங்கள் இஷ்டம், நான் கெஞ்சவில்லை. ஆனால் நிறுத்தாமல் இருப்பதற்குக் காரணம் அந்த வீடியோவாக இருந்தால், அந்தக் காரணம் இன்றைக்கு முடிந்துபோயிற்று.

சலீம், நீ திரும்பி வர வேண்டும் என்று இதை எழுதவில்லை. அங்கே உனக்குப் புது மெஷின் கிடைத்தால் அங்கேயே நில், காலையில் அந்தத் தாத்தாவின் வீடியோவை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். புரியாத இடத்தில் போன் பண்ணுவேன், எடு. அரம் போடுவதை விட்டு எழுந்த அன்றைக்கு உங்கம்மாவிடம் சொல், இந்தத் தடவை உண்மையைச் சொல்.

பழைய வீடியோவை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழித்தால் பார்த்தவர்கள் மனதில் பழைய எழுத்துத்தான் நிற்கும். அதனால் அது அங்கேயே இருக்கட்டும். மேலே இருந்ததை மட்டும் இன்றைக்கு மாற்றிவிட்டேன். சிரிப்புப் பொம்மைகளை எடுத்துவிட்டேன். இப்போது அதில் இரண்டே வார்த்தைதான் இருக்கிறது.

உடைத்தது நான்.

உன் அத்தா